கேட்டு எழுதிய பசி

அமெரிக்காவில் அண்மைக் காலம் வரை டிசம்பர் மாதம் கணக்கெடுப்பு அலுவலக ஊழியர் ஒருவர் தொலைபேசியிலோ நேரிலோ ஒரு வீட்டாரிடம் பேச்சைத் தொடங்குவார். வேலை இருக்கிறதா, போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்ற வழக்கமான விசாரிப்பு முடிந்ததும் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பும். மறுபடி காசு கைக்கு வருவதற்குள் வீட்டில் இருக்கும் உணவு தீர்ந்துவிடுமோ என்று கடந்த பன்னிரண்டு மாதத்தில் கவலைப்பட்டீர்களா? அடிக்கடியா, எப்போதாவதா, இல்லவே இல்லையா? வாங்கிவைத்தது போதாமல், மேற்கொண்டு வாங்கவும் வழியில்லாமல் இருந்ததா? சத்தாகச் சாப்பிடக் கட்டுப்படியாகாமல் போனதா? இந்த மூன்றுக்கும் 'இல்லை' என்றால் பெரியவர்களைப் பற்றி மேலே கேட்க வேண்டியதில்லை. ஒன்றுக்காவது 'ஆமாம்' வந்தால் கேள்விகள் இன்னும் உள்ளே போகும். பெரியவர்கள் யாராவது சாப்பாட்டைக் குறைத்தீர்களா, ஒரு வேளையை விட்டீர்களா? அப்படி எத்தனை மாதம்? பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? உடம்பு இளைத்ததா? ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கழிந்ததா? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் எட்டுக் கேள்விகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது, காசில்லாமல் பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுண்டா என்பது.

மொத்தம் பதினெட்டுக் கேள்விகள். அநேகமாக எல்லாவற்றிலும் 'காசில்லாததால்' என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடந்தவர், நோன்பு இருந்தவர், வேலை அவசரத்தில் சாப்பிட மறந்தவர் யாரும் கணக்கில் வந்துவிடக் கூடாது என்பதற்காக அது.

1995 ஏப்ரலில் முதன்முறையாகக் கேட்கப்பட்ட இந்தக் கேள்விகளை வைத்துத்தான் அமெரிக்க விவசாயத் துறை ஆண்டுதோறும் வீடுகளின் உணவுப் பாதுகாப்பு அறிக்கையை வெளியிட்டுவந்தது. 2025 செப்டம்பர் 20 அன்று, இனி அந்த அறிக்கை வராது என்று அதே துறை அறிவித்தது. அது வீண் செலவு, அரசியல் கலந்தது, மக்களைப் பயமுறுத்துவதைத் தவிர வேறெதற்கும் உதவாதது என்று காரணம் சொன்னார்கள். அதற்கு இரண்டரை மாதம் முன்புதான், ஜூலை 4 அன்று, ஏழைகளுக்கு உணவு வாங்க உதவும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டத்தில் பத்தாண்டுகளில் சுமார் 18,600 கோடி டாலரை வெட்டும் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துத்தான் நான் படிக்கிறேன். வேறு மாதிரி படிக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு பணக்கார அரசு தன் ஏழைகளின் வாசலில் நின்று கேட்டவற்றில் இந்தக் கேள்விகளைவிட நேர்மையானவை மிகக் குறைவு. அவற்றில் குறைகள் உண்டு, சில பெரிய குறைகள். அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்தவர்களுக்கு, இவற்றை நிறுத்துவது வெறும் நிர்வாக முடிவாகத் தோன்றாது.

1967 ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி மிசிசிப்பி டெல்டாவில் கிளீவ்லாண்ட் என்ற ஊரில் கறுப்பினக் கூலிகளின் குடிசைகளுக்குள் போய்ப் பார்த்தார். ஒரு வீட்டில் வயிறு உப்பிய குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. அவர் குனிந்து தொட்டுப் பேசியும் அது முகம் கொடுக்கவில்லை. பருத்திக் காட்டில் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்துவிட்டதால் கூலி வேலை போயிருந்தது. அதுவரை இலவசமாகக் கொடுத்துவந்த மாவையும் கொழுப்பையும் நிறுத்திவிட்டு, பல கவுண்டிகள், அதாவது மாவட்ட நிர்வாகங்கள், அப்போதுதான் ஃபுட் ஸ்டாம்ப் முறைக்கு மாறியிருந்தன. அந்த நாளில் ஃபுட் ஸ்டாம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வருமானமே இல்லாத குடும்பமும் தலைக்கு இரண்டு டாலர் கட்டியாக வேண்டும். இரண்டு டாலர் இல்லாதவர்களுக்கு, பழைய உதவியும் போய், புதிய உதவியும் எட்டவில்லை. அடுத்த மாதம் ஃபீல்டு அறக்கட்டளை அனுப்பிய மருத்துவர்கள் மிசிசிப்பியில் குழந்தைகளைப் பரிசோதித்துவிட்டு வந்து, ஜூலையில் செனட் குழு முன் சாட்சி சொன்னார்கள். மிசிசிப்பியின் செனட்டர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவர்கள் தாங்கள் பார்த்த வீடுகளைப் பற்றிச் சொல்ல முடிந்தது. பார்க்காத வீடுகள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த இடைவெளிக்குள்தான் அடுத்த பதினாறு ஆண்டுகளும் மறுப்பாளர்கள் நின்றுகொண்டார்கள். 1983 டிசம்பரில், அதிபர் ரீகனின் ஆலோசகர் எட்வின் மீஸ், பசித்த குழந்தைகள் இருப்பதாக ஆதாரபூர்வமான எண் எதையும் தான் பார்த்ததில்லை என்றார். கஞ்சித்தொட்டிகளுக்கு மக்கள் போவது அங்கே சாப்பாடு சும்மா கிடைப்பதால்தான் என்றும் சொன்னார். அடுத்த மாதம் ரீகன் நியமித்த குழு, நாடெங்கும் பரவலாகப் பசி இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. எண்ணிப் பார்க்க ஏற்பாடு கிடையாது, எண் இல்லாததால் பசியும் கிடையாது. அதிகாரம் எங்கும் பேசும் பேச்சுதான் இது.

அவர்கள் பக்கம் ஒரு தர்க்கம் இருந்ததை மறுக்க முடியாது. பசியை மருத்துவம் உடம்பில் தேடும். உயரம், எடை, ரத்தத்தில் இரும்பு என்று போகும். ஆனால் அமெரிக்க ஏழையின் உடம்பு எழுபதுகளிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. மாத முதல் வாரம் வயிறாரச் சாப்பிட்டு, கடைசி வாரம் மாவும் சர்க்கரையும் கொழுப்புமாக ஓட்டும் தாயின் எடை குறைவதில்லை, ஏறுகிறது. தராசில் ஏற்றிப் பார்த்தால் அவளுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். அப்படியானால் அவள் பசியை எப்படித்தான் அளப்பது?

எண்பதுகளின் பிற்பகுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி கேத்தி ராடிமர் செய்த காரியம் சொல்லும்போது மிக எளிதாகத் தோன்றும். நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில், கிராமத்திலும் நகரத்திலும் இருந்த ஏழைப் பெண்களிடம் போய், பசி என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார். பட்டியலைக் கொண்டுபோய் டிக் அடிக்கச் சொல்லவில்லை. நீளமாகப் பேசவிட்டுக் கேட்டு எழுதினார். அந்தப் பெண்கள் சொன்னதில் ஒரு வரிசை இருந்தது. முதலில் வருவது கவலை. பாத்திரத்தில் இன்னும் உணவு இருக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை வரை தாங்குமா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்தது தரம். பழமும் பாலும் இறைச்சியும் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போகும், ஒரே மாவுப் பண்டம் திரும்பத் திரும்ப வரும். அதற்கும் பிறகுதான் அளவு குறையும். குறையும்போது முதலில் குறைவது அவள் தட்டில். குழந்தையின் தட்டில் குறைவது எல்லா வழியும் அடைபட்ட பிறகு.

பசியை இவர்கள் நிர்வகிக்கிறார்கள் என்பதுதான் ராடிமர் கண்டது. அது வீட்டுக்குள் ஒரே நாளில் நுழைவதில்லை, படிப்படியாக இறங்குகிறது, ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் நின்று தடுத்துப் பார்க்கிறாள். கூட்டுக்குடும்பச் சமையலறையில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்த பெண்களுக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. ஆனால் அந்த அறிவு அதற்கு முன் எந்த அரசாங்கப் படிவத்திலும் ஏறியதில்லை. பதினெட்டுக் கேள்விகளின் அடுக்கைப் பாருங்கள். கவலையில் தொடங்கி, தரத்துக்குப் போய், பெரியவர் வயிற்றுக்கு வந்து, கடைசியில் பிள்ளையிடம் முடிகிறது. அந்தப் பெண்கள் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது.

அவர்கள் சொன்ன ஒன்று மட்டும் விடுபட்டுப்போனது. உணவைப் பெறும் வழி கௌரவமானதாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் பேச்சில் இருந்தது. கடன் கேட்டு நிற்பது, அடகு வைப்பது, தெரிந்தவர் வீட்டில் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போவது, தர்மக் கூடத்தின் வரிசையில் நிற்பது, இவையெல்லாம் அவர்களுக்குப் பசியின் பகுதியாகவே இருந்தன. அளவுகோலில் இது ஏறவில்லை. தர்ம உணவு வாங்கினீர்களா என்று அதே கணக்கெடுப்பில் தனியாகக் கேட்டார்கள், ஆனால் அது பதினெட்டுக்குள் சேரவில்லை. கூனிக்குறுகி வாங்கிச் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தால் அளவுகோலுக்குப் போதும். இந்த விடுபடலை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

1990இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஊட்டச்சத்து நிலையைத் தொடர்ந்து கண்காணிக்கச் சொன்னது. அதையொட்டி அரசு நிபுணர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உட்கார்ந்து, ராடிமரின் கேள்விகளையும், குழந்தைகளின் பசியைப் பற்றித் தொண்டு அமைப்புகள் எடுத்திருந்த கணக்கெடுப்பின் கேள்விகளையும் சேர்த்துச் செதுக்கினார்கள். டென்மார்க் கணித அறிஞர் ஜார்ஜ் ராஷ் தேர்வுத்தாள்களுக்காக உருவாக்கிய முறையை இதற்கு எடுத்துக்கொண்டார்கள். கடினமான கணக்கைப் போடத் தெரிந்த மாணவன் எளிய கணக்கையும் போட்டிருப்பான் என்பது அதன் அடிப்படை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் அதற்கு முன்பே கவலைப்பட்டிருப்பாள், ஒரு வேளையை விட்டிருப்பாள். லட்சக்கணக்கான பதில்களைப் போட்டுப் பார்த்தபோது வரிசை பொருந்தியது. சில பெண்கள் வாய்மொழியாகச் சொன்னது கணிதத்தின் சோதனையிலும் நின்றது.

கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் தகராறு. மூன்று 'ஆமாம்' சொன்னால் அந்த வீடு உணவுப் பாதுகாப்பற்றது. ஒன்றோ இரண்டோ சொன்னால், பாதுகாப்பான வீடுகளின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பாடு தீர்ந்துவிடும் என்று வருடமெல்லாம் பயந்தவள், வாங்கியது போதவில்லை என்று சொன்னவள், அந்த இரண்டோடு நின்றால் அரசுக் கணக்கில் நன்றாகவே இருக்கிறாள். ஆனால் குழந்தை மருத்துவர்கள் தங்களிடம் வரும் தாய்களிடமும் பிள்ளைகளிடமும் ஆராய்ந்தபோது, இந்த விளிம்பு வீடுகளின் பிள்ளைகளுக்கும் உடல்நலக் குறைவும் வளர்ச்சிக் கவலைகளும் முழுப் பாதுகாப்புள்ள வீடுகளைவிட அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். தாய்களின் மனச்சோர்வும் அப்படித்தான். கவலை தனியாகவே உடம்பை அரிக்கிறது. தலைப்புச் செய்தியாக வந்த ஒவ்வொரு எண்ணும் இவர்களை வெளியே விட்டுவிட்டு வந்த எண்.

இந்தக் கேள்விகளை யாரிடம் கேட்பது என்று பிரிக்க உதவிய 'குறைந்த வருமானம்' என்ற அளவே சாப்பாட்டிலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஓர்ஷான்ஸ்கி, நியூயார்க்கின் ஏழைக் குடியேறிக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாயத் துறை வைத்திருந்த உணவுத் திட்டங்களிலேயே மலிவானதை எடுத்து, குடும்பங்கள் வருமானத்தில் மூன்றிலொரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கின்றன என்று 1955ஆம் ஆண்டு கணக்கெடுப்பு காட்டியதால், அதை மூன்றால் பெருக்கினார். அதுதான் வறுமைக்கோடு. அந்த மலிவுத் திட்டம் கைமுடையான நேரத்தில் தற்காலிகமாகச் சமாளிப்பதற்கென்று துறையே வகுத்தது. தற்காலிகச் சாப்பாட்டின் மூன்று மடங்கு நிரந்தரமான கோடாகி, விலைவாசிக்கு ஏற்ப மட்டும் உயர்ந்து, இன்றுவரை இருக்கிறது. வாடகை பல மடங்காகிவிட்ட நகரங்களில் அந்த மூன்றிலொரு பங்குக் கணக்கு எப்போதோ செல்லாமல் போயிற்று. உணவுக் கேள்விகளை யாரிடம் முழுதாகக் கேட்பது என்று வடிகட்டுவதற்கும் இந்தக் கோட்டைத்தான் பயன்படுத்தினார்கள். கோட்டின் 1.85 மடங்குக்கு மேல் வருமானம் உள்ளவர் ஆரம்ப விசாரிப்பில் சிரமம் எதுவும் சொல்லாவிட்டால் மற்றக் கேள்விகள் அவருக்கு இல்லை.

இனி அறிக்கையின் எண்களுக்கு வருகிறேன். 2023இல் அமெரிக்க வீடுகளில் 13.5 சதவீதம் உணவுப் பாதுகாப்பற்றவை. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் 4 கோடியே 74 லட்சம் பேர். வெள்ளையர் வீடுகளில் 9.9 சதவீதம், ஹிஸ்பானிக் வீடுகளில் 21.9, கறுப்பினத்தவர் வீடுகளில் 23.3. கணவர் துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் பெண்களின் வீடுகளில் 34.7. பழைய அறிக்கைகளைத் திருப்பிப் பார்த்தால் மொத்த எண் ஏறி இறங்குகிறது, 2011இல் 14.9 வரை போகிறது, 2021இல் 10.2க்கு இறங்குகிறது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் உள்ள இடைவெளி மட்டும் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மொத்த எண் இவ்வளவு குறைந்த 2021லேயே அது 19.8க்கு 7.0.

இந்த எண்கள் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கக் காரணம் உண்டு. பதில் சொல்பவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் புரியும். தொலைபேசியில் பேசுவது அரசாங்கத்து ஆள். கேட்பது, உங்கள் பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததா என்று. அமெரிக்காவில் பிள்ளைக்குப் போதுமான உணவு கொடுக்காதது புறக்கணிப்புக் குற்றமாகலாம். குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்படித் தூக்கப்படும் பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகளும் பூர்வகுடிப் பிள்ளைகளும் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகம். பூர்வகுடிகளுக்கு இது பழைய காயம். அவர்களுடைய பிள்ளைகளில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததைக் கண்ட பிறகுதான் 1978இல் நாடாளுமன்றம் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டது. கணக்கெடுப்பில் சொல்வது ரகசியம், வேறு துறைக்குப் போகாது என்று ஊழியர் வாக்குக் கொடுக்கிறார். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. பாட்டியின் பிள்ளையை அரசாங்க வண்டி ஏற்றிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவள் அந்த வாக்கை எந்த அளவுக்கு நம்புவாள்?

குடியேறிய குடும்பங்களின் பயம் வேறு விதம். ஃபுட் ஸ்டாம்ப் வாங்கினால் நிரந்தர வதிவுரிமை மறுக்கப்படலாம் என்று 2019இல் ஒரு விதி வந்தது. 2021 மார்ச்சில் அது விலக்கப்பட்டது. ஆனால் விதி வருவதற்கு முன்பே, பேச்சு அடிபட்ட 2018லேயே, குடியேறிய குடும்பங்களில் ஏழில் ஒருவர் தானோ வீட்டாரோ அரசு உதவியைத் தவிர்த்ததாக ஓர் ஆய்வில் சொன்னார்கள். உரிமையுள்ள உதவியையே வேண்டாம் என்று விடுகிறவர்கள், கணக்கெடுப்பவரிடம் வீட்டில் சாப்பாடு இல்லை என்று வாய்திறந்து சொல்வார்களா? சிறையில் இருப்பவர்களும் வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களும் இந்தக் கணக்கில் முதலிலிருந்தே கிடையாது. இரண்டு இடத்திலும் கறுப்பினத்தவர் விகிதம் அதிகம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. பாகுபாடு எங்கே கடுமையோ அங்கே இந்த அளவுகோல் குறைத்துத்தான் காட்டும். 23.3 என்பது அந்தத் தாய்கள் துணிந்து சொன்ன அளவு.

பூர்வகுடியினரான நவஹோக்களின் தேசத்தில் ஆய்வாளர்கள் ஒருமுறை இதே வகைக் கேள்விகளைக் கொண்டுபோனபோது, பேசிய வீடுகளில் 76.7 சதவீதம் உணவுப் பாதுகாப்பற்றவையாக இருந்தன. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரவி, தமிழ்நாட்டின் பாதியைவிடப் பெரிய அந்த நிலத்தில் முழுமையான மளிகைக் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாரச் சாமான் வாங்க மணிக்கணக்காக வண்டி ஓட்ட வேண்டும். கணிசமான வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. 1864இல் ராணுவம் அந்த மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கூட்டிப்போய் பாஸ்க் ரெடோண்டோவில் அடைத்து, மாவையும் பன்றிக் கொழுப்பையும் படியாகக் கொடுத்தது. இன்று அவர்களுடைய பாரம்பரிய உணவென்று சந்தைகளில் விற்கும் பொரித்த ரொட்டியின் மூலப்பொருள் அந்தப் படிதான். சோளமும் பூசணியும் பீச் மரங்களும் வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்தத் தோப்புகளை ராணுவம் வெட்டிப்போட்டது. 'காசில்லாததால்' என்ற நிபந்தனை இந்த இடத்தில் தடுமாறுகிறது. காசு இருந்தும் கடை எட்டாத வீடு, கடை எட்டியும் காய்கறி இல்லாத வீடு, காய்கறி கிடைத்தும் கழுவித் தின்னத் தண்ணீர் இல்லாத வீடு, எதையும் அது முழுதாகப் பிடிக்காது. அப்படி இருந்தும் நூற்றில் எழுபத்தேழு.

கேள்வியைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1983 முதல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நுகர்வுச் செலவுப் படிவத்தில், வீட்டில் எல்லோருக்கும் ஆண்டு முழுக்க இரண்டு வேளைச் சாப்பாடு கிடைக்கிறதா என்ற பொருளில் ஒரு கேள்வி இருந்தது. 2004-05இல் கிராமங்களில் நூற்றுக்கு மூன்று வீடுகள்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை. அதற்கடுத்த ஆண்டில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 48 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இரண்டு எண்ணும் ஒரே நாட்டைப் பற்றியவை. சாப்பிட்டாயிற்றா என்று வாசலில் யார் கேட்டாலும் 'ஆயிற்று' என்று சொல்லிப் பழகிய வீடுகளில், வந்தவர் நீளமான செலவுப் பட்டியலின் நடுவே ஒரே ஒரு கேள்வியாக இதைப் போட்டால் வேறென்ன பதில் வரும்? பதினெட்டுக் கேள்விகளின் அருமை அங்கேதான் தெரிகிறது. அவை கவலையில் தொடங்குகின்றன. கவலைப்பட்டேன் என்று சொல்வதில் யாருக்கும் மானம் போவதில்லை. அதைச் சொன்ன பிறகு அடுத்ததைச் சொல்ல வாய் வருகிறது.

ராடிமரிடம் பேசிய பெண்களின் வரிசை பிறகு உலகம் சுற்றியது. பிரேசில் அதைத் தன் மக்களிடம் பேசிப் பார்த்துத் திருத்தி 2004இல் தேசியக் கணக்கெடுப்பில் சேர்த்தது. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் எட்டுக் கேள்வியாகச் சுருக்கிப் பல நாடுகளில் கேட்கத் தொடங்கியது. உலகப் பசிக் குறியீட்டில் இந்தியா பின்தங்கியபோது நம் அரசு அந்த எட்டுக் கேள்விகளைச் சுட்டி, மூவாயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு என்று தள்ளியது. மாதிரி சிறியது என்ற வாதத்துக்கு ஒரே நேர்மையான பதில், அரசே பெரிய மாதிரியில் அதே கேள்விகளைக் கேட்டு முழுசாக வெளியிடுவதுதான். மீஸின் 1983ஆம் ஆண்டுப் பேச்சு எங்கெங்கோ எதிரொலித்துக்கொண்டே இருக்கிறது.

கணக்கெடுத்து என்ன ஆயிற்று, முப்பது ஆண்டுகள் எண்ணியும் இடைவெளி குறையவில்லையே என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் 2021ஐப் பாருங்கள். கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு ஃபுட் ஸ்டாம்ப் தொகையைக் கூட்டியது, 2021 ஜூலையிலிருந்து ஆறு மாதம் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் ரொக்கம் அனுப்பியது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் உணவுப் பாதுகாப்பின்மை 14.8இலிருந்து 12.5க்கு இறங்கியது. ரொக்கம் நின்றது, விலைவாசி ஏறியது. 2022இல் 17.3 ஆனது, 2023இல் 17.9. கறுப்பினத்தவர் வீடுகளில் 2020இல் 21.7, 2021இல் 19.8, பிறகு 22.4, பிறகு 23.3. கையில் காசு வந்தால் என்ன நடக்கும், நின்றால் என்ன நடக்கும் என்பதை ஓர் அரசு தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறது. வாதம் செய்ய இடமில்லாத பதிவு அது. இப்படிப்பட்ட பதிவை யார் விரும்ப மாட்டார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

அறிக்கையை நிறுத்தும் அறிவிப்பு வந்து சரியாக ஆறு வாரத்தில், 2025 நவம்பர் 1 அன்று, அரசு அலுவலகங்கள் மூடிக்கிடந்ததால், சுமார் 4 கோடியே 20 லட்சம் பேருக்கு வர வேண்டிய ஃபுட் ஸ்டாம்ப் தொகை தடைபட்டது. அந்தத் திட்டத்தின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. உணவு வங்கிகளின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்ற படங்கள் வந்தன. அந்த வாரங்களில் எத்தனை தாய்கள் ஒரு வேளையை விட்டார்கள், எத்தனை வீடுகளில் பிள்ளைகளின் தட்டுவரை போனது, மிசிசிப்பி டெல்டாவில் எவ்வளவு, நவஹோ நிலத்தில் எவ்வளவு என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தனியார் அமைப்புகள் எண்ணட்டுமே என்கிறார்கள். உணவு வங்கிகளின் கூட்டமைப்பான ஃபீடிங் அமெரிக்கா, கவுண்டிவாரியாகப் பசியின் வரைபடம் வெளியிடுகிறது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள தென் மாநிலக் கவுண்டிகள் அதில் அடர்நிறத்தில் இருக்கும். ஆனால் அந்த வரைபடமே அரசின் டிசம்பர்க் கணக்கெடுப்பை அடித்தளமாக வைத்துக் கணித்தது. குழந்தை மருத்துவமனைகளில், பதினெட்டில் முதல் இரண்டை மட்டும் எடுத்து, அங்கு வரும் தாய்களிடம் கேட்கிறார்கள். நல்ல வழக்கம், அது தொடர வேண்டும். ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம்தான் அதைக் கேட்க முடியும். கேள்விகள் யாருடைய சொத்தும் அல்ல, பல்கலைக்கழகமோ மாநில அரசோ நாளைக்கே எடுத்துப் பயன்படுத்தலாம், அப்படிச் செய்வார்கள் என்றும் நம்புகிறேன். ஆனால் நாடு முழுக்க, எல்லா இனத்தாரிடமும், ஒரே மாதத்தில், ஒரே வார்த்தைகளில் கேட்டு, 1995இலிருந்து வரும் வரிசையோடு சேர்த்து வைக்கக்கூடிய எண்ணை அவர்களால் தர முடியாது. அதைத் தரக்கூடிய ஊழியர்களும் முகவரிப் பட்டியலும் சட்ட அதிகாரமும் ஓர் அலுவலகத்திடம்தான் இருக்கின்றன. அந்த அலுவலகம் வேலைவாய்ப்புக் கேள்விகளைக் கேட்க மாதாமாதம் அதே வகை வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.